நான்காவது தும்மல்

சான் எலாடியோவில் வந்து மிரேயா கனாலெஸ் வீடு எது என்று கேட்டால் எந்த மிரேயா என்று திருப்பிக் கேட்பார்கள். மூக்கொழுகி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து கதவையும் தட்டிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு பேர். நாற்பத்து நான்கு வயசில், சொந்தமாக முடிதிருத்தும் கடை வைத்து, நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்லும் நிலையில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இந்தப் பேர் தேவைதானா?

எல்லாம் போன வருஷம் அக்டோபர் மாதம், ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஆடும் எங்கள் குவேக்கா ஆட்டப் போட்டியில் நடந்தது. சதுக்கத்து மேடையில் இறுதிச் சுற்று. மிரேயாவும் வால்தோவும் ஆறு வருஷமாக ஜோடி. வால்தோ தொப்பியும், பூட்ஸ் குதியில் சலங்கைபோல ஒலிக்கும் குதிமுள்ளும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான் என்றால் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பான். ஒரு ஆட்டம் என்றால் மூன்று பாட்டு, பாட்டுக்கு ஒரு சுற்று. முதல் இரண்டு சுற்று பிரமாதமாகப் போனது. மூன்றாவது சுற்றில், கால் தட்டி ஆடுகிற இடத்தில், மிரேயாவுக்குத் தும்மல் வந்தது. அடக்கினாள். அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வந்தது. மூக்கிலிருந்து குழாய் திறந்த மாதிரி ஒழுக ஆரம்பித்ததும், பாவம், கை தானாக மேலே போய்விட்டது. ஆடுகிற அந்த வெள்ளைக் கைக்குட்டையாலேயே மூக்கைச் சிந்திவிட்டாள்.

குவேக்காவில் கைக்குட்டை என்றால் சும்மாவா? வாய் விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் அதை வீசித்தான் சொல்கிறோம். அது தரையில் விழக்கூடாது, முகத்தில் படக்கூடாது. பட்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. சதுக்கமே விழுந்து விழுந்து சிரித்தது. சாயங்காலம் தேநீரும் ரொட்டியும் சாப்பிடும் நேரத்துக்குள் அந்த வீடியோ ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

மறுநாளே வால்தோ கடைக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"இனிமே உன்கூட ஆட முடியாது மிரேயா. எனக்கும் மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

"ஆறு வருஷம் ஆடினப்போ அது எங்கடா இருந்துச்சு?"

"அப்போ நீ மூக்கைச் சிந்தலையே," என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரே மாதத்தில் கடற்கரைப் பக்கத்திலிருந்து தமாரா என்ற இருபத்தைந்து வயசுப் பெண்ணை ஜோடி சேர்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து மிரேயாவுக்கு ஒரே ஒரு ஆசை. அதே சதுக்கத்தில், அதே மேடையில் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக் காட்டவேண்டும். அந்தப் பேரோடு இன்னொரு வருஷம் இந்தத் தெருவில் நடக்க அவளால் முடியாது.

ஜெயிக்கவிடாமல் தடுப்பவை பிளாத்தனோ மரங்கள். சதுக்கத்தைச் சுற்றி முப்பத்தாறு நிற்கின்றன, ஒவ்வொன்றும் தேவாலயக் கோபுரத்துக்குப் பதில் சொல்லும் உயரம். வசந்தம் வந்து செப்டம்பர் பாதியில் துளிர்விட்டதும் மகரந்தம் கொட்ட ஆரம்பிக்கும். ஊரில் பாதிப் பேருக்குக் கண் சிவக்கும், மூக்கு அரிக்கும். மிரேயாவுக்கு அதெல்லாம் போதாது, தும்மல் வரிசைகட்டி வரும். டாக்டர் கொடுத்த மாத்திரை பாதி நாள் கேட்கும். காற்றில் மகரந்தம் ஏறிய நாட்களில் அதுவும் கையை விரித்துவிடும்.

ஆகஸ்டில், போட்டி நடத்தும் குவேக்கா சங்கத்தின் தலைவி எதுலியா அம்மாள் தலைக்குச் சாயம் அடிக்க வந்திருந்தார். மிரேயா தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"இந்த வருஷம் போட்டிய ஜிம்முக்குள்ள வெச்சுக்கலாமே, எதுலியாம்மா? மழை வந்தாலும் பயமில்ல."

எதுலியா அம்மாள் கண்ணாடியில் அவளை முறைத்தார். "கூரைக்குக் கீழ குவேக்காவா? என்னடி பேச்சு இது? உன் மூக்கு ஒழுகுதுன்னு ஊரே போய் ஒளிஞ்சுக்கணுமா?"

வேறு யாராவதாக இருந்தால் அந்தச் சாயத்தை இன்னும் ஒரு மணி நேரம் ஊறவிட்டிருப்பார்கள். மிரேயா நல்லவள். நேரத்துக்கு அலசிவிட்டாள்.

செப்டம்பர் பாதி தாண்டியதும், முதல் சிவப்பு நாளன்று, எலியேசர் புஸ்தோஸ் முடிவெட்ட வந்தார். காலை ஏழரைக்கு ரேடியோவில் "இன்று பச்சை, இன்று மஞ்சள், இன்று சிவப்பு" என்று ஊருக்கு மகரந்த நிலவரம் சொல்வாரே, அவர்தான். பள்ளிக்கூட மொட்டைமாடியில் அவருடைய கருவி இருக்கிறது. வாசலின் களிம்பு தடவிய பட்டை ஒன்று அதற்குள் மெதுவாகச் சுற்றும். காற்று கொண்டுவருவதெல்லாம் அதில் ஒட்டும். தினமும் அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, எந்த மரத்து மகரந்தம் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் மனிதரின் பிழைப்பு. ஐம்பது வயசு, தனிக்கட்டை, பேச ஆள் கிடைத்தால் எண்ணிக்கையைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார்.

அவர் கிருதாவில் கத்தரியை வைத்தபோது மிரேயாவுக்குத் தும்மல் பிடித்தது. தும்மி முடித்துப் பார்த்தால் கிருதாவில் ஒரு ஓட்டை.

"ஐயையோ! மன்னிச்சுக்குங்க சார்."

"ஏழு," என்றார் எலியேசர். "எப்பவும் ஏழுதான். மூணு தும்மல், ஒரு மூச்சு, அப்புறம் நாலு. போன வருஷ மேடைலயும் அப்படித்தான்."

மிரேயாவுக்குச் சுருக்கென்றது. "என் மூக்கையும் சேத்து எண்ணுறீங்களா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"பழக்கதோஷம். ஆனா இன்னொண்ணு கவனிச்சேன். தும்மினதால நீங்க தோக்கல, அடக்கினதாலதான் தோத்தீங்க. அடக்குனப்போதான் காலு தடுமாறுச்சு, கை தானா மேல போச்சு. விதிப்புத்தகத்த மூணு தடவ படிச்சேன். தும்மக் கூடாதுன்னு அதுல எங்கயும் இல்ல."

கத்தரி நின்றுவிட்டது. "நீங்க எதுக்கு விதிப்புத்தகம் படிக்கிறீங்க?"

எலியேசரின் காது சிவந்தது. போர்த்தியிருந்த துணிக்குக் கீழே பார்த்தாள். இரண்டு கால்களும் குவேக்கா தாளத்தில் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

"எனக்கு ஆடத் தெரியும்," என்றார் ரகசியம் சொல்வதுபோல. "ஆடும்போது வாய்விட்டு எண்ணுவேன். அதனால ஜோடியே கிடைக்கல."

மிரேயா அன்றைக்குத்தான் ஒரு வருஷத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஜோடி என்று முடிவாகிவிட்டது.

பயிற்சியை எங்கே, எப்போது வைத்துக்கொள்வது என்று பேசியபோதுதான் பெரிய சண்டை. எலியேசர் சொன்னார், சதுக்கத்தில், மரத்தடியில், மத்தியானம் இரண்டு மணிக்கு என்று.

"அந்த நேரத்துலதானே மகரந்தம் உச்சத்துல இருக்கும்! நீங்களே ரேடியோல வெளிய வராதீங்கன்னு சொல்றீங்க!"

"ஆமா, ஊருக்குச் சொல்றேன். போட்டி மத்தியானம் ஒரு மணிக்கு, மரத்தடியில. அது மாறப்போறதில்ல. மாத்திரைய நிறுத்தச் சொல்லல. அதையும் மீறி வர்ற தும்மலோட ஆடப் பழகுங்கன்னு சொல்றேன்."

"மூக்கு ஒழுகினா?"

"ஒழுகட்டும். கைக்குட்டை மூக்குக்கிட்ட வரக்கூடாது, அவ்வளவுதான். வாயில போனா முழுங்கிக்குங்க."

"ச்சீ! என்ன மனுஷன்யா நீங்க!" என்றாள் மிரேயா. ஆனால் மறுநாள் இரண்டு மணிக்குக் கைக்குட்டையோடு வந்துவிட்டாள்.

எலியேசர் தன் கருவிக்குத் தடவுகிற வாசலினையே கொண்டுவந்து அவளுடைய மூக்குத் துவாரத்தைச் சுற்றிப் பூசிக்கொள்ளச் சொன்னார். பாதி வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றார். மீதிப் பாதிக்கு அவள்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. முதல் வாரம் நாய்படாத பாடு. கண் வீங்கி, தொண்டை அரித்து, நான்கு அடி வைத்தால் இரண்டு அடி தப்பும். வீட்டுக்குப் போய்த் தலையோடு குளித்துவிட்டு, இந்தச் சனியனே வேண்டாம் என்று படுத்துக்கொள்வாள். மறுநாள் மறுபடி வருவாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு வித்தை பிடிபட்டது. தும்மல் வரும்போது அதைத் தடுக்காமல் கால் தட்டலோடு சேர்த்து இறக்கினால், உடம்பு உதறாது. முகத்தைத் தோளுக்கு மேல் திருப்பிக்கொண்டால் பார்ப்பவர்களுக்கு ஆட்டத்திலேயே ஒரு திருப்பம் மாதிரி இருக்கும். எலியேசர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே எதிரில் ஆடுவார். அவர் எண்ணிக்கை பிசகாததால் அவள் கண்ணை மூடிக்கொண்டும் ஆடலாம்.

சதுக்கத்தில் கோதுமையும் பீச் வற்றலும் போட்ட குளிர்பானம் விற்கிற நோல்பெர்த்தோவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. தும்மினால் வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். அவன் வண்டியிலிருந்தே கத்துவான்.

முதல் தும்மலுக்கு, "நூறாயுசு!"

இரண்டாவதுக்கு, "கைநிறையக் காசு!"

மூன்றாவதுக்கு, "மனசு நிறையக் காதல்!"

நான்காவது வந்ததும் கையை விரிப்பான். "மூணுக்கு மேல சரக்கு இல்ல மிரேயாக்கா! உனக்குன்னு தனியாவா வாழ்த்து செய்யமுடியும்?"

"போடா, கடைய பாருடா!" என்று அவள் தும்மிக்கொண்டே ஆடுவாள்.

போட்டி நாளும் வந்தது. மாகாணத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று நகராட்சிக்கு ஒரு யோசனை உதித்தது. போன வருஷத்துக் காய்கள் இன்னும் மரத்தில் உருண்டை உருண்டையாகத் தொங்குகின்றன, விருந்தாளிகள் தலையில் விழுந்தால் நன்றாகவா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்கள் நீளக் கழியோடு வந்து முப்பத்தாறு மரத்தையும் தட்ட ஆரம்பித்தார்கள்.

எலியேசர் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடிவந்தார். "நிறுத்துங்கய்யா! அந்தக் காய் உடைஞ்சா உள்ள இருக்கிற சுணையெல்லாம் பறக்கும்! அது அலர்ஜி இல்லாதவங்களைக்கூட விடாது!"

"சார், நீங்க எண்ணுங்க. நாங்க தட்டுறோம். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பார்ப்போம்," என்றான் மேஸ்திரி.

பன்னிரண்டு மணிக்கு மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கியது. எலியேசர் வாசலின் தடவிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பத்து நிமிஷம் பிடித்துப் பார்த்தார். அது மஞ்சள் பூசினாற்போல ஆகிவிட்டது. "இதுக்கு என்கிட்ட நிறமே இல்ல," என்றார். சதுக்கம் முழுக்கப் பழுப்புச் சுணை புழுதிபோல மிதந்தது. தும்மாதவர்கள் இருமினார்கள், இருமாதவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். மாகாணத்து விருந்தாளிகள் முன்வரிசையில் கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

இறுதிச் சுற்றுக்கு நான்கு ஜோடி. சீட்டுக் குலுக்கியதில் மிரேயாவுக்குக் கடைசி. முதல் ஜோடி இரண்டாவது சுற்றிலேயே இருமல் தாங்காமல் நின்றுவிட்டது. இரண்டாவது ஜோடியின் ஆண்பிள்ளை கண் தெரியாமல் மேடை ஓரத்துப் பூந்தொட்டியை உதைத்துவிட்டு, கைக்குட்டையையும் தவறவிட்டான். மூன்றாவது வால்தோ. அவன் மேடை ஏறவில்லை, நேராக எதுலியா அம்மாளிடம் போனான்.

"இதுல மனுஷன் ஆடுவானா? ஜிம்முக்கு மாத்துங்க, எல்லாரும் முதல்லருந்து ஆடலாம்."

தமாரா ஏற்கெனவே ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம், கடல்காற்றில் வளர்ந்த பெண். நடுவில் இடத்தை மாற்றவேண்டுமென்றால் எல்லா ஜோடியும் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. மூன்று ஜோடி போட்டுவிட்டது. எதுலியா அம்மாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு, சிவந்த கண்ணோடு மிரேயாவிடம் வந்தார்.

"போட்டுடுடி கண்ணு. நீ கேட்டதுதானே இது."

மிரேயா காகிதத்தைப் பார்த்தாள். அவள் கேட்டதேதான். ஜிம்முக்குள் சுணை இல்லை, மகரந்தம் இல்லை, நிம்மதியாக ஆடலாம். இங்கே ஆடினால் ஒருவேளை போன வருஷம் மாதிரியே ஆகிவிடலாம். எலியேசரைப் பார்த்தாள்.

"உங்க இஷ்டம்," என்றார் அவர். "அங்கயும் நாம நல்லாத்தான் ஆடுவோம்."

அங்கே ஜெயித்தால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூக்கொழுகிக்காகக் கூரை போட்டுக் கொடுத்தார்கள், ஜெயித்துவிட்டாள் என்பார்கள். மூன்று வாரம் இந்த மரத்தடியில் கண்ணும் மூக்கும் ஒழுக அவள் பட்டது அதற்காகவா? கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"கூரைக்குக் கீழ குவேக்காவா, எதுலியாம்மா?" என்றாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் இங்கதான் ஆடுவேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "பைத்தியக்காரி," என்று வால்தோ பல்லைக் கடித்தான். ஆனால் அவனுக்கு வேறு வழியில்லை, ஆடினான். நியாயமாகச் சொல்லவேண்டும், கைக்குட்டையைக் கீழே விடவில்லை, முகத்தில் படவிடவில்லை, முடிக்கவும் முடித்தான். ஆனால் கால் தட்டுகிற இடத்தில் தமாரா ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம் என்று போய், பாட்டுதான் அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கவேண்டியிருந்தது.

மிரேயா மேடை ஏறினாள். எலியேசர் கை நீட்டினார். கைகோத்து நடந்தார்கள், பிரிந்து எதிரெதிரே நின்றார்கள். கின்னரத்தின் நரம்புகளை மீட்டத் தொடங்கினார்கள், பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். முதல் சுற்று. மிரேயாவின் கண் முன்னால் எல்லாம் கலங்கலாக இருந்தது. மூடிக்கொண்டாள். எலியேசரின் குதிமுள் சத்தம் இருந்தது, அது போதும்.

இரண்டாவது சுற்றில் வந்தது. தும்மினாள். காலோடு சேர்த்து இறக்கினாள், பாவாடை சுழன்றது.

வண்டி ஓரத்திலிருந்து நோல்பெர்த்தோ கத்தினான்: "நூறாயுசு!"

அடுத்தது. இப்போது நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். "கைநிறையக் காசு!"

மூன்றாவது. பாதிச் சதுக்கம். "மனசு நிறையக் காதல்!"

ஒரு மூச்சு. மூக்கிலிருந்து உதட்டுக்கு ஒழுகியது. ஒழுகட்டும். கைக்குட்டை தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது, பக்கத்தில்கூட வரவில்லை. மூன்றாவது சுற்று, கால் தட்டல். எலியேசர் எண்ணவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால், மனிதர் வாயை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஆடிக்கொண்டிருந்தார்.

நான்காவது தும்மல் வெடித்தது. அதற்கு எங்களிடம் வாழ்த்து கிடையாது. ஒரு அரைக் கணம் சதுக்கமே திகைத்தது. பிறகு நோல்பெர்த்தோ அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"கோப்பை!"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது ஊர். ஐந்தாவதுக்கு "கோப்பை!" ஆறாவதுக்கு "கோப்பை!" ஏழாவதும் கடைசித் தட்டும் ஒன்றாக விழுந்தபோது, இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்தினார்கள். மிரேயா எலியேசரின் கையைக் கோத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, தலை நிமிர்ந்து நின்றாள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். துளிகூட இல்லை.

நடுவர்கள் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். முடிவைச் சொல்ல எழுந்தவர் பல்தொவினோ, பக்கத்து ஊர்க் கின்னரக்காரர். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தது. அவர் மிரேயாவின் பேரைச் சொன்னதும் வால்தோ துள்ளி எழுந்தான்.

"நடுவருக்குக் கண்ணே தெரியல! எதைப் பாத்து மார்க் போட்டாங்க?"

"நீ சொல்றது வாஸ்தவம் தம்பி," என்றார் பல்தொவினோ. "மத்த ரெண்டு பேரும் கண்ணால பாத்தாங்க. எனக்கு எதுவும் தெரியல, காதாலதான் பாத்தேன். உன் கால் ஆறு இடத்துல தப்புச்சு. உன் ஜோடி கால் எங்க போச்சுன்னே தெரியல. அந்த அம்மா கால் ஒரு இடத்துலகூடத் தப்பல. இன்னும் சொல்லவா, அவங்க தும்மலும் தாளத்துலதான் விழுந்துச்சு."

ஊர் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. நல்லவேளை, கூரை இல்லை. எதுலியா அம்மாள் கோப்பையைக் கொடுத்து, வெற்றிப் பட்டையை மிரேயாவின் தோளில் மாட்டும்போது, "அழறியாடி?" என்று கேட்டார். "நீங்க மட்டும் என்னவாம்?" என்றாள் மிரேயா. எலியேசர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள். மனிதரின் காது மறுபடி சிவந்தது.

ஜெயித்த ஜோடி தனியாக ஒருமுறை ஆடவேண்டும், அது மரியாதை. பாட்டுக்கு வாசித்த கின்னரக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே மேடை ஓரத்துக்கு வந்தார்.

"அம்மா, சுணை தாங்கல. ஒரு பாட்டோட முடிச்சுக்கலாமா?"

மிரேயா சதுக்கத்தைப் பார்த்தாள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

"மூணும் வாசிங்க," என்றாள்.